160இல் நிற்கும் தங்கச்சிக்கு

இலங்கை மலையகத்துப் பொகவந்தலாவையிலிருந்து கனடா வந்து கோர்ட் ரிப்போர்ட்டிங் (கோர்ட்டில் பேசுவதை ஸ்டெனோ மெஷினில் சொல்லுக்குச் சொல் பதியும் வேலை) படிக்கும் ஒரு தங்கச்சி கேட்டிருந்தார்: பல மாதமாக நிமிடத்துக்கு 160 சொல்லைத் தாண்ட முடியவில்லை, வீட்டில் வரும் வேகம் டெஸ்டில் வருவதில்லை, கை நடுங்குகிறது, விட்டுவிட்டு முதியோர் இல்ல வேலைக்குப் போய்விடவா என்று. நான் மஸ்கெலியாக்காரி, எட்மண்டனில் இதே வேலையில் இருக்கிறேன். விடவேண்டாம் தங்கச்சி.

முதலில் அந்த நடுக்கம். நமக்குப் பரீட்சை என்றால் ஊரில் பள்ளிக்கூடத்தில் எழுதும் ஓ.எல். (சாதாரண தர) பரீட்சைதான். அதில் கணிதம் போய்விட்டால் அடுத்தது கொழும்புக் கடையோ கார்மெண்டோ என்று தோட்டத்து லயத்தில் (வரிசை வீடுகளில்) பார்த்துப் பார்த்து வளர்ந்தோம். ரிசல்ட் வந்தால் தோட்டமே வந்து விசாரிக்கும். அந்தப் பயத்தோடுதான் நீங்கள் மெஷின் முன்னால் உட்காருகிறீர்கள். ஆனால் வேகப் பரீட்சை வேறு வகை. ஒவ்வொரு வேகத்திலும் பலமுறை பெயிலாகித்தான் எல்லோரும் மேலே போகிறார்கள். இங்கே பிறந்து ஆங்கிலத்தையே வீட்டுமொழியாகப் பேசுகிறவர்களுக்கும் அப்படித்தான்.

கணக்கைப் பாருங்கள். அமெரிக்காவின் தேசிய கோர்ட் ரிப்போர்ட்டர்கள் சங்கம் நடத்தும் ஆர்.பி.ஆர். என்ற தகுதிச் சான்றிதழ்ப் பரீட்சையின் வேகப் பகுதி மூன்று: லிட்டரரி (உரைநடை) நிமிடத்துக்கு 180 சொல், ஜூரி சார்ஜ் (நீதிபதி ஜூரிக்குச் சொல்லும் அறிவுரை) 200, சாட்சிக் கேள்வி பதில் 225. ஒவ்வொன்றும் 5 நிமிடம், 95 வீதம் சரியாக இருந்தால் போதும். மூன்றையும் சேர்த்து ஒரே தடவையில் பாஸாகவேண்டும் என்றில்லை. 225இல் மொத்தம் 1,125 சொல் வரும், 56 பிழை வரை விடலாம். ஒரு வாக்கியம் முழுதாகப் போனாலும் பத்துப் பதினைந்து சொல்தான். அதனால் ஒன்று விட்டதும் "போச்சு" என்று கையை எடுக்காதீர்கள். விட்டதை விரட்டிப் பிடிக்கவும் போகாதீர்கள், அதற்குள் அடுத்த வாக்கியமும் போய்விடும். கடைசிச் சொல் வரை அடியுங்கள், பெயில் என்று தோன்றினாலும் உட்கார்ந்து மெஷினில் பதிந்ததை முழுதாகத் தட்டச்சு செய்து கொடுங்கள். போய்விட்டது என்று நினைத்த தாள் பாஸாகி வருவதை நிறையப் பார்த்திருக்கிறேன்.

அப்புறம், டெஸ்ட் நாளை ஊருக்குச் சொல்லாதீர்கள். அம்மா பாசத்தில்தான் கேட்பார், ஆனால் அந்த "என்னாச்சு புள்ள?" உங்கள் விரலில் வந்து உட்கார்ந்துவிடும். பாஸானபிறகு சொன்னால் அவருக்கும் சந்தோஷம்.

வேகம் நிற்பதற்கு விரல் மட்டும் காரணமில்லை. பெரும்பாலும் காது ஒரு சொல்லைக் கேட்டவுடன் கை அதை முடிக்கப் பதறுவதுதான் சிக்கல். கொழுந்தெடுக்கும் அம்மாமாரைப் பாருங்கள். கை இந்தச் செடியில் இருக்கும்போதே கண் அடுத்த செடிக்குப் போயிருக்கும். அதேபோல நாலைந்து சொல் பின்னால் வரப் பழகுங்கள். காது முன்னால் போகட்டும், கை நிதானமாகப் பின்னால் வரட்டும்.

பயிற்சி எப்படி என்றால், 160இல் நிற்கிறவர் 160இலேயே திரும்பத் திரும்ப அடித்தால் அங்கேயேதான் இருப்பார். ஒரு நிமிடத் துண்டு ஒன்றை எடுத்து 180இல் போடுங்கள். அலங்கோலமாகத்தான் வரும், வரட்டும். அதே துண்டை 170இல், பிறகு 160இல் சுத்தமாக அடியுங்கள். 160 மெதுவாகக் கேட்க ஆரம்பிக்கும். பிறகு மெஷினில் பதிந்த உங்கள் நோட்ஸைத் திறந்து எந்தச் சொல்லுக்கு முன்னால் கை தயங்கியது என்று பாருங்கள். எல்லோரும் சோம்பல்படுவது இந்த இடத்தில்தான், பலன் இருப்பதும் இங்கேதான். "டூ யூ ரீகால்" மாதிரி அடிக்கடி வரும் தொடர்களை ஒரே ஸ்ட்ரோக்கில் (பல கட்டைகளை ஒன்றாக ஒரே அழுத்தில்) அடிக்கப் பழகுங்கள். ஒரு நாளைக்கு ஐந்தாறு போதும், நூறு மனப்பாடம் செய்தால் டெஸ்டில் எல்லாம் குழம்பும்.

நம்மவர்களுக்கென்று ஒரு தனிச் சிக்கலும் உண்டு. 'வி', 'டபிள்யூ' இரண்டையும் நம் நாக்கு ஒன்றாகத்தான் சொல்லும். மெஷினில் சொல் 'டபிள்யூ'வில் தொடங்கினால் அதற்கென்றே ஒரு கட்டை, 'வி'யில் தொடங்கினால் 'எஸ்', 'ஆர்' இரண்டையும் சேர்த்து அழுத்தவேண்டும். மனதுக்குள் தமிழாக உச்சரித்துக்கொண்டு அடித்தால் குடிக்கும் 'வைன்' (wine) எது, கொடியைச் சொல்லும் 'வைன்' (vine) எது என்று விரல் தடுமாறும். அந்தச் சொற்களைத் தனியாக எடுத்துப் பழகுங்கள்.

முதியோர் இல்ல வேலை பகுதிநேரமாகக் கிடைத்தால் தாராளமாகப் போங்கள், வாடகைக் கவலை குறைந்தால் கையும் இளகும். ஆனால் பயிற்சியை வேலைக்கு முன்னால் காலையிலேயே முடித்துவிடுங்கள், ஷிப்ட் முடிந்து வரும்போது காது களைத்திருக்கும். கடைசி மூன்று டெஸ்டில் விட்டுப்போன சொற்களை வரிசையாக எழுதி எனக்கு அனுப்புங்கள். தடுமாறுவது விரலா காதா என்று பார்த்துச் சொல்கிறேன்.