மூஞ்சியைப் பார்த்துக் குத்தலாமா? – வாசகர் கேள்வி பதில்

போன இதழில் வேகப்பந்து வீச்சைப் பற்றி நாலு வரி எழுதியதற்கு இத்தனை கடிதமா! சம்பா அறுவடை முடிந்து வயலெல்லாம் காய்ந்து கிடக்கிற மாசம், எல்லாருக்கும் கை துறுதுறுக்கிறது போல.

அண்ணே, எங்க டீமில் நான்தான் வேகமாகப் போடுகிறவன். "மூஞ்சியைப் பார்த்துக் குத்துடா" என்று கேப்டன் சொன்னார், குத்தினேன். எதிர் டீமின் கடைசி ஆட்டக்காரனுக்குத் தாடையில் பட்டு ரத்தம் வந்துவிட்டது. அன்று ராத்திரி முழுக்கத் தூக்கமில்லை. இரக்கம் பார்த்தால் பௌலர் ஆக முடியாதா?
– கல்லூரி மாணவர், மன்னார்குடி

தம்பி, தூக்கம் வராமல் போனது நல்லதுதான். அதற்காகப் பவுன்சரை, அதுதான் தரையில் குத்தி மூஞ்சிக்கு எழும்புகிற பந்தை, விட்டுவிடாதே.

பவுன்சர் ஆளை அடிக்க இல்லை, காலை நகர்த்த. 140 கிலோமீட்டர் வேகத்தில் வருகிற பந்து அரை நொடிக்குள் பேட்ஸ்மேனிடம் வந்துவிடும், அதற்குள் அவன் பார்த்து, முடிவு பண்ணி, நகர வேண்டும். ஒரு பந்து மூக்குக்கு நேரே ஏறி வந்தால் அடுத்த பந்துக்கு அவன் உடம்பு தானாகவே பின்னால் போகும், அப்போது காலடிக்குக் கிட்டே ஃபுல்லாக ஒன்றைப் போட்டால் ஸ்டெம்பு பறக்கும். ஆண்டி ராபர்ட்ஸ் என்று ஒரு ஆசாமி, ஆன்டிகுவாக்காரர், இரண்டு விதமான பவுன்சர் வைத்திருந்தார். முதலில் ஒன்று மெதுவாக வரும், பேட்ஸ்மேன் குஷியாக ஹுக் பண்ணுவான். அப்புறம் பார்க்க அதே மாதிரி இன்னொன்று, ஆனால் நிஜ வேகத்தில். மிரட்டல் என்றால் அது. எதிராளிக்குச் சந்தேகத்தைக் கொடுக்கிற வேலை.

பத்து, பதினோராவதாக இறங்குகிறவனுக்கு இந்தச் சந்தேகமெல்லாம் கிடையாது, பயம் மட்டும்தான். அவனுக்கு நேராகக் காலடியில் விழுகிற ஒரு யார்க்கர் போதுமே, தாடை எதற்கு? சட்டத்திலேயே இது இருக்கிறது: குத்திப் போட்ட பந்து ஆபத்தானதா என்று முடிவு பண்ணும்போது அம்பயர் பேட்ஸ்மேனின் திறமையைக் கணக்கில் எடுக்க வேண்டும், அவன் ஹெல்மெட் போட்டிருக்கிறான் என்பதைக் கணக்கில் எடுக்கக் கூடாது. தரையில் படாமல் இடுப்புக்கு மேலே போகிற பீமருக்கு வாதமே இல்லை, நேராக நோ பால்.

நானும் யோக்கியன் இல்லை. திருவையாறு பக்கம் ஒரு போட்டி, கார்க் பால், தேங்காய்நார் மேட். கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு ஒருத்தன் கடைசியாக இறங்கினான், நான் குத்தினேன், அவன் முகத்தைத் திருப்பினான், காதில் பட்டது. கீழே விழுந்தவனைப் பார்த்து "எந்திரிடா" என்று கத்தினேன் பாருங்கள், அதுதான் இன்னும் உறுத்துகிறது. பஸ் ஸ்டாண்டில் பார்த்தால் இப்போதும் காதைத் தொட்டுக் காட்டிச் சிரிப்பான். எனக்குத்தான் சிரிப்பு வராது.

சார், 1976இல் கிங்ஸ்டனில் வெஸ்ட் இண்டீஸ் நம்மவர்களை அடித்ததைப் பேப்பரில் படித்துச் சாப்பிடாமல் படுத்தவன் நான். அது கிரிக்கெட்டா, ரவுடித்தனமா?
– ஓய்வு பெற்ற ஆசிரியர், பாபநாசம்

ஐயா, இரண்டும்தான். அதற்கு முந்தைய மேட்ச்சை நினைத்துப் பாருங்கள். போர்ட் ஆஃப் ஸ்பெயினில் 403 ரன் இலக்கை நாம் 4 விக்கெட்டை மட்டும் இழந்து எட்டிவிட்டோம். அதற்குச் சில மாதம் முன்னால்தான் ஆஸ்திரேலியாவில் லில்லியும் தாம்சனும் வெஸ்ட் இண்டீஸ் கேப்டன் லாயிட்டின் டீமைப் புரட்டி எடுத்து 5-1 என்று அனுப்பியிருந்தார்கள். சுழற்பந்தை நம்பியும் தோற்றதும் லாயிட், தான் வாங்கிய அடியையே ஆயுதமாக எடுத்துக்கொண்டார். அவருடைய வேகப்பந்து ஆட்கள் ஹோல்டிங்கும் டேனியலும் குத்தியதில் கெய்க்வாட்டுக்குக் காதில் அடி, விஸ்வநாத்துக்கு விரல், பிரிஜேஷ் படேலுக்கு வாய். யாருக்கும் ஹெல்மெட் கிடையாது. நம்ம கேப்டன் பேடி முதல் இன்னிங்ஸை 306க்கு 6 என்று முடித்துக்கொண்டார், இரண்டாவதில் 97க்கு 5, அதற்கு மேல் இறங்க ஆளில்லை. பேடி கோபப்பட்டது நூற்றுக்கு நூறு நியாயம்.

ஆனால் இதைக் கண்டுபிடித்தது கரீபியன் ஆட்கள் என்று யாராவது சொன்னால் விடாதீர்கள். 1932-33இல் ஆஸ்திரேலியாவின் ரன் மெஷின் பிராட்மேனை அடக்குவதற்காக ஜார்டின் என்கிற இங்கிலாந்து கேப்டன் லெக் சைடில், அதாவது பேட்ஸ்மேனின் கால் பக்கம், ஆட்களை நெருக்கி நிறுத்தி, தன் வேகப்பந்து வீச்சாளர் லார்வுட்டை உடம்புக்குப் போடச் சொன்னார். லார்வுட்டுக்கு 33 விக்கெட், பிராட்மேனின் சராசரி 56 ஆக இறங்கியது (நமக்கெல்லாம் அது ஏற்றம், அது வேறு கதை). இதனால்தான் பிற்பாடு லெக் சைடில் ஸ்கொயருக்கு, அதாவது பேட்ஸ்மேன் நிற்கிற கோட்டுக்கு, பின்னால் இரண்டு ஃபீல்டருக்கு மேல் நிற்கக் கூடாது என்று விதி வந்தது. மன்னார்குடித் தம்பி இந்த இடத்தைக் கவனமாகப் படிக்கவும்: உத்தரவு போட்ட ஜார்டின் அடுத்த வருஷமே கேப்டனாக இந்தியாவுக்கு வந்து 1934 பிப்ரவரியில் நம்ம சேப்பாக்கத்திலும் ஆடினார். அந்த மேட்ச்சில் அவர் டீமின் கிளார்க் போட்ட பந்து நம்ம ஆட்டக்காரர் நவூமலின் கண்ணுக்கு மேலே பட்டது. உத்தரவை நிறைவேற்றிய சுரங்கத் தொழிலாளி லார்வுட்டோ மன்னிப்புக் கேட்க மறுத்தார், அதற்கப்புறம் ஒரு டெஸ்ட்கூட ஆடவில்லை. கடைசியில் அவர் குடியேறியது எங்கே தெரியுமா? ஆஸ்திரேலியாவில்!

பையனுக்குப் பதின்மூன்று வயசு, கார்க் பாலில் ஆடுகிறான். வேண்டாம் என்றால் அழுகிறான். பயமாக இருக்கிறது.
– ஒரு அம்மா, திருவாரூர்

அம்மா, ஆட விடுங்கள், ஆனால் ஹெல்மெட் இல்லாமல் வலைப்பயிற்சிக்குக்கூட அனுப்பாதீர்கள். பின்கழுத்தை மறைக்கிற கார்டும் சேர்ந்ததாக வாங்குங்கள். 2014இல் பவுன்சர் பட்டு இறந்த பில் ஹியூஸ் என்ற ஆஸ்திரேலியப் பையனுக்குப் பட்டது ஹெல்மெட் மறைக்காத அந்தக் கழுத்தில்தான். தலையில் அடி பட்டால் அன்றைக்கு ஆட்டம் முடிந்தது, அவன் "ஒன்றுமில்லைம்மா" என்று சொன்னாலும் சரி. 2019இல் லார்ட்ஸில் இங்கிலாந்தின் ஆர்ச்சர் போட்ட பந்து பட்டும் திரும்ப வந்து ஆடிய ஆஸ்திரேலியாவின் ஸ்மித், மறுநாள் காலையில்தான் தலை சரியில்லை என்று ஒதுங்கினார். ஆகவே வாந்தி, கிறுகிறுப்பு, தலைவலி இருக்கிறதா என்று மறுநாளும் பாருங்கள், இருந்தால் உடனே ஆஸ்பத்திரி.

விக்கெட் எடுத்ததும் பேட்ஸ்மேனை முறைத்துக் கெட்ட வார்த்தை சொன்னால்தானே கெத்து?
– கும்பகோணம்

ஹோல்டிங் ஓடி வருகிற சத்தமே அம்பயருக்குக் கேட்காதாம். விஸ்பரிங் டெத், கிசுகிசுக்கிற சாவு, என்று பேர் வைத்தார்கள். உங்களை என்னவென்று கூப்பிடுவார்கள்?

நம்ம தஞ்சாவூர் மண்ணில் வேகப்பந்து எடுபடுமா?
– மூன்று பேர், ஒரே அஞ்சலட்டையில், நீடாமங்கலம்

உளுந்து விதைக்காத வயலாகத் தேடிப்பிடித்து, வரப்பை பவுண்டரியாக்கி ஆடுகிறவர்கள்தானே நீங்கள்? அந்தக் களிமண் வெயிலில் இறுகினால் பந்து நன்றாகவே எழும்பும். சிக்கல் என்னவென்றால் ஒரு பந்து வெடிப்பில் பட்டுக் கணுக்காலுக்கு உருளும், அடுத்தது அறுத்த தாள் கட்டையில் பட்டுக் கண்ணுக்கு வரும். ராபர்ட்ஸ் பாடுபட்டுக் கற்ற வித்தையை நம்ம வயல் சும்மாவே செய்கிறது, ஆனால் அதில் பௌலருக்குப் பங்கில்லை. டென்னிஸ் பால் வேறு, கார்க் பந்தில் பாதி எடைகூட இல்லை, குத்தினால் தூக்கிச் சிக்ஸர் அடித்துவிடுவான். அதனால்தான் நம்ம பையன்கள் சீக்கிரமே யார்க்கருக்குப் போய்விடுகிறார்கள். சின்னப்பம்பட்டி நடராஜன் டென்னிஸ் பாலில் இருந்து அந்த யார்க்கரோடுதான் இந்திய டீமுக்குப் போனார். மேட்டூரில் தண்ணீர் திறக்கிறவரை வயல் உங்களுடையது, நடு ஸ்டெம்பின் அடியில் ஒரு பழைய செருப்பை வைத்துக்கொண்டு போட ஆரம்பியுங்கள்.