மேனுவல் மூடாமல் நிற்கிறதா? காகிதத்தை மாற்றுங்கள்

48 பக்க மேனுவலை 130 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்) ஆர்ட் பேப்பரில், அதாவது பூச்சு பூசிய வழவழத் தாளில் அடித்து நடுவில் பின் போட்டதும் வாயைப் பிளந்து நிற்கிறது என்கிறீர்கள். பின் மேல் தப்பில்லை, தாள்தான் தடிமன். உள்பக்கங்களுக்கு 80 ஜிஎஸ்எம் மேப்லித்தோ, அதாவது பூச்சில்லாத தாள் போதும். வெளிச்சத்தில் கண் கூசாது, வாங்கியவர் பேனாவில் ஏதாவது குறித்துக்கொள்ளவும் முடியும். 60க்கு இறங்கினால் பின்பக்கத்துப் படம் இந்தப் பக்கம் தெரியும், வரைபடம் நிறைய உள்ள மேனுவலில் அது பெரிய தொல்லை. அப்புறம், இதை மறக்காமல் அச்சகத்தில் கேளுங்கள்: காகிதத்தின் நார் முதுகுக்கு (பின் போட்டு மடிக்கும் ஓரத்துக்கு) இணையாக ஓடுகிறதா? குறுக்கே ஓடினால் மெல்லிய தாள்கூட முரண்டு பிடிக்கும். ஒரு தாளை நீளவாக்கிலும் அகலவாக்கிலும் வளைத்துப் பாருங்கள், எந்த வளைவு லேசாக விழுகிறதோ அதன் மடிப்புக் கோட்டுக்கு இணையாகத்தான் நார் ஓடுகிறது. மிச்சமிருக்கும் 130ஐ அட்டைக்கு வைத்துக்கொள்ளலாம்.