எஸ்ஜிபிடி இறங்கினால் ஈரல் தேறிவிட்டதா?

கொருக்குப்பேட்டையிலிருந்து ஒரு தாய் கேட்கிறார்: "ஆறு வயதுப் பையனுக்கு மஞ்சள் காமாலை. எஸ்ஜிபிடி 2,400 இருந்தது, ஐந்து நாளில் 600 ஆகிவிட்டது. பிலிருபின் மட்டும் 9-லிருந்து 14. குறைகிறது, பயமில்லை என்கிறார் லேப்காரர். பையன் பகலெல்லாம் தூங்குகிறான், ராத்திரி முழித்து அழுகிறான். நாட்டு மருந்துப் பொடி கொடுக்கிறோம். தொடரலாமா?"

வேண்டாம் அம்மா. பொடியை நிறுத்திவிட்டு இன்றைக்கே எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.

ஈரல் செல் உடையும்போது ரத்தத்தில் கலப்பதுதான் எஸ்ஜிபிடி. உடைய செல் மிச்சமில்லாவிட்டாலும் அது இறங்கும். மொட்டைமாடி சின்டெக்ஸ் காலியானாலும் ஒழுகல் நிற்கும்தானே? எஸ்ஜிபிடி இறங்கி, ஈரல் வெளியேற்ற வேண்டிய மஞ்சள் கழிவான பிலிருபின் ஏறுவதைப் பார்த்தால் டாக்டர்கள் எங்களுக்குத்தான் வயிற்றைக் கலக்கும். பார்க்க வேண்டியது ஐஎன்ஆர். ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் சோதனை. சாதாரணமாக 1 பக்கம் இருக்கும். வைட்டமின் கே ஊசி போட்டும் 2-க்குக் கீழே வராவிட்டால் ஈரல் செயலிழப்பு. உங்கள் பையனைப் போலத் தூக்கம் தலைகீழாகி மூளை மந்தமாகிவிட்டால், அப்படிச் சொல்ல 1.5-ஏ போதும். இரண்டு முறை ரத்தம் எடுத்தும் இதை யாரும் எழுதித் தரவில்லை என்பது எனக்கு ஆறவே இல்லை.

நம் பக்கத்தில் பெரும்பாலும் காரணம் ஹெபடைடிஸ் ஏ. சாக்கடை கலந்த குழாய்த் தண்ணீரில் வருவது. தடுப்பூசி இருக்கிறது, ஆனால் அரசின் இலவசப் பட்டியலில் இல்லை. இந்தத் தெருப் பிள்ளைகளுக்கு அதைக் காசு கொடுத்து வாங்கச் சொல்வது என்ன நியாயம்? இதில் பெரும்பாலான பிள்ளைகள் தானாகவே தேறிவிடுவார்கள். அந்தப் பெயரைப் பொடிக்காரர் வாங்கிக்கொள்வார். தேறாத பிள்ளை எங்களிடம் வரும்போது பொட்டலத்தில் என்ன இருந்தது என்று யாருக்கும் தெரியாது.

பாராசிட்டமால் புட்டியையும் பாருங்கள். டிராப்ஸில் 1 மில்லியில் 100 மில்லிகிராம். சிரப்பில் 5 மில்லிக்கு 120 அல்லது 250. ஒன்றின் அளவை இன்னொன்றில் ஊற்றி மணிக்கொரு தரம் கொடுத்தால் ஈரல் கெடும். எலி பேஸ்ட்டை வாயில் வைத்தானா என்றும் யோசியுங்கள். வாந்தி நின்று ஓரிரு நாள் நன்றாக விளையாடிவிட்டு அப்புறம் சரிவார்கள்.

வில்சன் நோய் தனிக் கதை. உடம்பில் தாமிரம் சேர்கிற பரம்பரை நோய். செம்புக் குடத்துத் தண்ணீரால் வருவதில்லை. இதில் எஸ்ஜிபிடி ரொம்ப ஏறாமலே ஈரல் போகும், கூடவே ரத்தசோகை வரும். மயக்கம் வந்தபின் மாற்று அறுவை சிகிச்சை தவிர வழி அரிது. அது என்று தெரிந்தால் கூடப்பிறந்த ஒவ்வொருவருக்கும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. அவர்கள் இப்போது ஓடி விளையாடினாலும் சோதித்துவிடுங்கள்; முன்கூட்டியே மாத்திரை தொடங்கினால் இந்த நிலைக்கே வர மாட்டார்கள்.

மருத்துவமனை வாசலில் "இங்கே பெட் இல்லை, எனக்குத் தெரிந்த இடம் இருக்கு" என்று ஒருவர் வருவார். கமிஷனுக்கு வருகிறவர். "ஈரல் வாங்கித் தருகிறேன்" என்பவரிடம் பேசவே பேசாதீர்கள், உறுப்பை விற்பது குற்றம். தேவைப்பட்டால் நீங்களோ அப்பாவோ ஈரலில் ஒரு பகுதியைக் கொடுக்கலாம், மிச்சம் வளர்ந்துவிடும். முதலமைச்சர் காப்பீட்டில் இந்த அறுவைக்கு இடம் உண்டு.

108-ஐக் கூப்பிடுங்கள். மந்தமாக இருப்பவன் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், தூக்க மருந்து வேண்டவே வேண்டாம். ரிப்போர்ட், மருந்துப் புட்டிகள், அந்தப் பொட்டலம் எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டுக்கொள்ளுங்கள். உள்ளே போனதும் "ஐஎன்ஆரும் சர்க்கரையும் பாருங்க டாக்டர்" என்று நீங்களே கேளுங்கள்.