அதே பாட்டில், வீட்டில் மட்டும் ஏன் எரிகிறது?

கேள்வி: நானும் என் மனைவியும் பெங்களூருவில் வசிக்கிறோம். போன மாதம் நந்தி மலை அடிவாரத்தில் ஒரு திராட்சைத் தோட்டத்துக்குப் போயிருந்தோம். அங்கே நிலவறையில் ஊற்றிக் கொடுத்த சிவப்பு ஒயின் இருவருக்கும் ரொம்பப் பிடித்துவிட்டது. அதே பாட்டிலை வாங்கி வந்து, ஞாயிற்றுக்கிழமை மட்டன் பிரியாணியோடு திறந்தோம். தொண்டை எரிந்ததும் நாக்கு துவர்த்ததும்தான் மிச்சம். எங்களுக்கு ரசிக்கத் தெரியவில்லையா? இன்னும் விலை கூடியதாக வாங்க வேண்டுமா?

பதில்: அங்கே பிடித்திருந்ததே, அப்புறம் ரசிக்கத் தெரியாது என்று எப்படிச் சொல்வது? உங்கள் நாக்கில் கோளாறு இல்லை. பாட்டிலிலும் அநேகமாக இருக்காது. சூடும் காரமும் சேர்ந்து கெடுத்திருக்கின்றன.

சிவப்பு ஒயினைக் குளிர வைக்கக் கூடாது, அறை வெப்பத்திலேயே குடிக்க வேண்டும் என்று பலரும் சொல்வார்கள். அது ஐரோப்பாவின் பழைய கல் வீடுகளுக்குச் சரி. அங்கே அறை என்றால் 16, 18 டிகிரிதான். கோடையில் உங்கள் வீட்டு அலமாரி 30 டிகிரியைத் தொடும். அந்தச் சூட்டில் ஆல்கஹால் முந்திக்கொண்டு மூக்கில் ஏறும், பழ வாசனை அடங்கிப்போகும். நிலவறையில் நீங்கள் குடித்தது குளுகுளுவென்று இருந்த ஒயின். அடுத்த முறை திறப்பதற்கு முன் பாட்டிலை முக்கால் மணி நேரமாவது ஃபிரிட்ஜில் வையுங்கள். அவசரமென்றால் ஐஸ் போட்ட தண்ணீரில் கால் மணி நேரம் போதும். அதற்காக ஜில்லென்று ஆக்கிவிடாதீர்கள், துவர்ப்பு தூக்கலாகிவிடும்.

அடுத்தது பிரியாணி. சிவப்பு ஒயினின் துவர்ப்பு திராட்சைத் தோலிலும் விதையிலும் உள்ள டானினால் வருவது. பால் விடாத கடுந்தேநீர் வாயைக் கவ்வுகிறதே, அதே சங்கதி. கொழுப்பும் இறைச்சியும் இதைத் தணிக்கும், மிளகாய் கூட்டிவிடும். மிளகாய் எரிச்சலோடு 13, 14 சதவீத ஆல்கஹாலும் சேர்ந்தால் தொண்டை எரியாமல் என்ன செய்யும்? காரச் சாப்பாட்டுக்கு லேசான இனிப்புள்ள செனின் பிளாங்க் ஒயின் வாங்குங்கள். நாசிக்கில் நன்றாக விளைகிற வெள்ளைத் திராட்சை அது, விலையும் கையைக் கடிக்காது. நன்கு குளிர வைத்துப் பிரியாணியோடு குடித்துப் பாருங்கள். சிவப்பு வேண்டுமென்றால் காரம் குறைத்த மட்டன் சுக்காவோ பனீர் டிக்காவோ வைத்துக்கொள்ளுங்கள்.

விலையைக் கேட்டிருக்கிறீர்கள். 1976 மே மாதம் பாரிஸில் ஸ்டீவன் ஸ்பரியர் என்ற ஆங்கிலேய ஒயின் வியாபாரி ஒரு போட்டி வைத்தார். லேபிளை மறைத்து ஊற்றிக் கொடுத்தார். பிரெஞ்சு நிபுணர்கள் மதிப்பெண் போட்டார்கள். பிரான்சின் பேர்பெற்ற போர்தோ, பர்கண்டி ஒயின்களைத் தாண்டி, சிவப்பு வெள்ளை இரண்டிலும் முதலிடம் பிடித்தவை கலிஃபோர்னியா ஒயின்கள்! அவ்வளவு தேர்ந்தவர்களுக்கே லேபிள் தெரியாதபோது தீர்ப்பு வேறாக வந்தது. அதனால் இப்போதைக்கு விலை ஏணியில் ஏற வேண்டாம் என்பேன்.

அதைவிட நல்ல வழி, இரண்டை ஒரே நாளில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சுவைப்பது. 375 மில்லி பாட்டிலில் ஒரு செனின் பிளாங்க், இன்னொரு வெள்ளை ஒயினான சாவினியோன் பிளாங்க் ஒன்று வாங்குங்கள். ஒருவர் மறைத்து ஊற்ற, மற்றவர் முகர்ந்து சொல்லட்டும். செனின் பிளாங்கில் கனிந்த பழ வாசனை வரும். சாவினியோன் பிளாங்கில் பச்சைக் குடைமிளகாயும் புல்லும் எலுமிச்சைப் புளிப்பும் வரும். இந்த வித்தியாசம் ஒருமுறை மூக்குக்குப் பிடிபட்டால், கடையில் எதைக் கேட்பது என்று உங்களுக்கே தெரியும். அடுத்த மாதம் சிவப்பு ஒயின்களான ஷிராஸையும் கேபர்னே சாவினியோனையும் இப்படி வைத்துப் பாருங்கள்.

வாங்கும்போது ஒன்று மட்டும் கவனியுங்கள்: வெயில் படும் கண்ணாடி அலமாரியில் நிற்கிற பாட்டிலைத் தொடாதீர்கள். திருகுமூடி போட்டிருந்தால் மட்டம் என்று நினைக்கவும் வேண்டாம். 750 மில்லி பாட்டிலில் 5 கிளாஸ் வரும். இருவரும் ஒரே ராத்திரியில் முடிக்கத் தேவையில்லை. மீதியை இறுக்கி மூடி ஃபிரிட்ஜில் நிற்க வைத்தால் 3 நாள் தாங்கும். அதற்கு மேல் வாசனை செத்துப்போனால் மட்டன் ஊற வைக்க எடுத்துக்கொள்ளுங்கள்.