உங்கள் லேப்டாப்பில் லினக்ஸ் ஓடுமா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: 2017-ல் வாங்கிய லேப்டாப். ஏழாம் தலைமுறை ஐ5, 8 ஜிபி ராம். நன்றாகத்தான் ஓடுகிறது, ஆனால் விண்டோஸ் 11 போட முடியாது என்கிறது. லினக்ஸுக்கு மாறிவிடலாம் என்று இருக்கிறேன். உபுண்டுவா, மின்ட்டா, ஃபெடோராவா, எது நல்லது?
- வாசகர், ஈரோடு

பதில்: உங்கள் லேப்டாப்பில் ஒரு குறையும் இல்லை. இன்டெல் பிராசசர் என்றால் எட்டாம் தலைமுறையிலிருந்துதான், கூடவே டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும் என்று விண்டோஸ் 11-க்கு மைக்ரோசாஃப்ட் ஒரு கோடு போட்டது, உங்களுடையது அந்தக் கோட்டுக்கு ஒரு படி கீழே நின்றுவிட்டது, அவ்வளவுதான். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவும் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. நல்ல நிலையில் ஓடும் மிஷினை இதற்காகத் தூக்கிப் போடுவதை என்னால் ஏற்கவே முடியவில்லை, அதனால் நீங்கள் கேட்டதில் எனக்கு மகிழ்ச்சி.

ஆனால் எந்த லினக்ஸ் என்பதை அப்புறம் பார்க்கலாம். நீங்கள் சொன்ன மூன்றிலும் உள்ளே இருப்பது லினக்ஸ் கெர்னல்தான் (இயங்குதளத்தின் மையப் பகுதி), வைஃபையையும் கேமராவையும் ஓட்டும் டிரைவர்கள் பெரும்பாலும் அதற்குள்தான் இருக்கின்றன. ஆக, உங்கள் மிஷினில் எந்தக் கம்பெனியின் வைஃபை சிப், எந்த கிராஃபிக்ஸ், எந்த டச்பேட் என்பதுதான் உங்கள் அனுபவத்தைத் தீர்மானிக்கும். இன்டெல் வைஃபை, இன்டெல் கிராஃபிக்ஸ் என்றால் பெரும்பாலும் கவலையே இல்லை. பிராட்காம் வைஃபை, தனி என்விடியா கார்டு, கைரேகை சென்சார் இதெல்லாம் இருந்தால் கொஞ்சம் மெனக்கெட வேண்டியிருக்கும். கைரேகை சென்சார் சில மாடல்களில் கடைசி வரை வேலை செய்யாது.

இதை ஒன்றையும் அழிக்காமலே தெரிந்துகொள்ளலாம். மின்ட்டை ஒரு பென்டிரைவில் ஏற்றி (விண்டோஸில் ரூஃபஸ் என்ற சின்ன மென்பொருள் போதும்) அதிலிருந்தே லேப்டாப்பைத் தொடங்குங்கள் (பூட் செய்வது என்பார்கள்), நீங்களாக இன்ஸ்டால் கொடுக்காத வரை ஹார்ட் டிஸ்கில் கை வைக்காது. டெஸ்க்டாப் வந்ததும் வைஃபையில் ஒரு வீடியோ ஓடவிடுங்கள், ஸ்பீக்கரையும் ஹெட்போனையும் தனித்தனியாகக் கேளுங்கள், வெளிச்சம் கூட்டிக் குறைக்கும் பட்டன்களை அழுத்துங்கள், கேமராவைத் திறங்கள், டச்பேடில் இரண்டு விரலால் நகர்த்துங்கள், மூடியைச் சாத்திவிட்டு ஒரு டீ குடித்து வந்து திறந்து பாருங்கள். இத்தனையும் சரியாக இருந்தால் தைரியமாக மாறலாம். கணக்கு வழக்கு டேலியில் இருந்தால் மட்டும் விண்டோஸை முழுசாக அழிக்காதீர்கள், டேலி விண்டோஸுக்காக எழுதப்பட்டது.

கேள்வி: லினக்ஸ் போட்டதிலிருந்து மூடியைச் சாத்திப் பையில் வைத்தால் லேப்டாப் சூடாகிறது, ஆபீஸ் போவதற்குள் சார்ஜ் பாதி காலி. விண்டோஸில் இவ்வளவு மோசம் இல்லை. லினக்ஸ் சரியில்லையா?
- வாசகி, சென்னை

பதில்: லினக்ஸை மட்டும் குறை சொல்ல முடியாது. முன்பெல்லாம் லேப்டாப்புகளில் எஸ்3 என்ற ஆழ்ந்த தூக்கம் இருந்தது, ராமுக்கு மட்டும் மின்சாரம் போகும், மற்றதெல்லாம் அணைந்துவிடும். போன் மாதிரி உடனே விழிக்க வேண்டும் என்று மைக்ரோசாஃப்ட் ‘மாடர்ன் ஸ்டாண்ட்பை’யைக் கொண்டுவந்த பிறகு பல தயாரிப்பாளர்கள் எஸ்3-ஐயே எடுத்துவிட்டார்கள். புது முறையில் மிஷின் முழுசாக அணையாது, ஒவ்வொரு சிப்பும் தானாக அடங்க வேண்டும், ஒன்று அடங்காவிட்டாலும் பேட்டரி கரையும். அந்த ஒத்திகையை விண்டோஸை வைத்துத்தான் பார்க்கிறார்கள்.

இது எவ்வளவு தூரம் போகிறது என்றால், லேப்டாப்பின் ஃபர்ம்வேருக்குள், அதாவது தயாரிப்பாளர் மிஷினிலேயே பதித்துத் தரும் மென்பொருளுக்குள், மின்சாரம், தூக்கம் போன்றவற்றைக் கவனிக்கும் ஏசிபிஐ என்றொரு பகுதி உண்டு, அது ‘நீ விண்டோஸின் இந்தப் பதிப்பா?’ என்று கேட்கும். லினக்ஸ் கெர்னல் ‘ஆமாம்’ என்றுதான் சொல்கிறது. ‘நீ லினக்ஸா?’ என்று கேட்டால் ‘இல்லை’ என்கிறது! தயாரிப்பாளர் சோதித்துப் பார்த்தது விண்டோஸுக்கான வழியை மட்டும்தான், வேறு வழியில் போனால் எங்கே இடிக்கும் என்று யாருக்கும் தெரியாது. லினக்ஸை உருவாக்குகிறவர்கள் இப்படியெல்லாம் பாடுபட்டுத்தான் நம் கையில் ஓடும் ஒரு மிஷினைத் தருகிறார்கள்.

உங்களுக்கு வழி: பயாஸுக்குள் (லேப்டாப் ஆன் ஆகும்போது போகக்கூடிய அமைப்புத் திரை) போய் ஸ்லீப் தொடர்பான அமைப்பு இருக்கிறதா என்று பாருங்கள். சில திங்க்பேட் மாடல்களில் ‘லினக்ஸ்’ என்றே ஒரு தேர்வு உண்டு, அதைப் போட்டால் பழைய எஸ்3 திரும்ப வரும். இல்லையென்றால் பயாஸையும் கெர்னலையும் அப்டேட் செய்து பாருங்கள். அதிலும் சரியாகவில்லை என்றால் பையில் வைக்கும் முன் ஷட்டவுன் செய்துவிடுங்கள், எஸ்எஸ்டி இருந்தால் திரும்ப ஆன் ஆக அதிக நேரம் ஆகாது.

கேள்வி: பழைய மேக்புக் ஏரில் மின்ட் போட்டேன். வைஃபையே காட்டவில்லை. டிரைவர் இறக்க நெட் வேண்டும், நெட்டுக்கு டிரைவர் வேண்டும்!
- வாசகர், திருச்சி

பதில்: ஆண்ட்ராய்டு போனை கேபிளில் சொருகி யூஎஸ்பி டெதரிங் ஆன் செய்யுங்கள், நெட் வந்துவிடும். பிறகு மெனுவில் டிரைவர் மேனேஜரைத் திறந்தால் பிராட்காம் டிரைவர் தெரியும், அதைத் தேர்ந்தெடுத்து ரீஸ்டார்ட் செய்யுங்கள். கேமராவுக்குத் தனி டிரைவர் தேவைப்படும், அதைத் தன்னார்வலர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள்.

கேள்வி: எம்1 மேக்புக்கிலும் லினக்ஸ் போடலாமாமே, உண்மையா?
- வாசகர், பெங்களூரு

பதில்: உண்மைதான். அசாஹி லினக்ஸ் என்ற திட்டம், ஹெக்டர் மார்ட்டின் தொடங்கியது. முதல் சோதனைப் பதிப்பு 2022 மார்ச்சில் வந்தது, 2023 டிசம்பரில் ஃபெடோரா அசாஹி ரீமிக்ஸ் வந்தது. வேறு இயங்குதளம் பூட் ஆவதை ஆப்பிள் தடுக்கவில்லை, ஆனால் சிப்பைப் பற்றிய ஆவணம் எதையும் கொடுக்கவும் இல்லை. கிராஃபிக்ஸ் சிப்புக்கு என்னென்ன கட்டளை போகிறது என்று கவனித்துக் கவனித்தே அலிசா ரோசன்ஸ்வைக் போன்றவர்கள் டிரைவர் எழுதினார்கள். எனக்குத் தெரிந்து இந்தத் துறையில் நடந்த மிக அழகான வேலைகளில் இது ஒன்று. ஆப்பிளின் எம்1, எம்2 சிப்புகள் இரண்டுக்கும் அசாஹி கிடைக்கிறது. டச் ஐடி வேலை செய்யாது. மேக்ஓஎஸ்ஸை அழிக்க வேண்டாம், பக்கத்திலேயே போட்டுக்கொள்ளுங்கள், ஃபர்ம்வேர் அப்டேட் அதன் வழியாகத்தான் வரும்.

கேள்வி: விண்டோஸும் லினக்ஸும் ஒரே லேப்டாப்பில் வைத்திருக்கிறேன். லினக்ஸிலிருந்து விண்டோஸுக்குப் போனால் காலை பத்து மணிக்கு நாலரை என்று காட்டுகிறது. பேட்டரி போய்விட்டதா?
- வாசகி, மதுரை

பதில்: பேட்டரி நன்றாக இருக்கிறது. மதர்போர்டில் உள்ள கடிகாரத்தை லினக்ஸ் உலகப் பொது நேரத்தில் வைக்கும், விண்டோஸ் அதை நம் ஊர் நேரம் என்று படிக்கும். நமக்கு வித்தியாசம் ஐந்தரை மணி நேரம், அதுதான் கணக்கு. விண்டோஸ் அமைப்புகளில் தேதி, நேரம் பகுதிக்குப் போய் ‘சிங்க் நவ்’ கொடுத்தால் அப்போதைக்குச் சரியாகும். நிரந்தரமாகத் தீர, லினக்ஸில் டைம்டேட்சிடிஎல் (timedatectl) கட்டளையால் கடிகாரத்தை உள்ளூர் நேரத்துக்கு மாற்றிவிடுங்கள்.