ஆயிரக்கணக்கான போட்டோக்களுக்கு மொத்தமாகப் பெயர் மாற்ற

கேள்வி: ஒரு கேமரா, இரண்டு போன்களில் எடுத்த நாலாயிரம் படங்களைக் கணினியில் சேர்த்து வைத்திருக்கிறேன். ஒவ்வொன்றாகப் பெயர் மாற்றி நூறைக்கூடத் தாண்டவில்லை. சுலபமான வழி உண்டா?

உண்டு, ஒவ்வொன்றாக மாற்றுவதை இன்றே நிறுத்திவிடுங்கள். விண்டோஸில் எல்லாப் படங்களையும் தேர்ந்தெடுத்து, எஃப்2 அழுத்தி, ஒரு பெயர் அடித்து என்டர் தட்டினால் போதும். அதே பெயரோடு (1), (2) என்று எண் சேர்ந்துகொள்ளும், தப்பாகிவிட்டால் உடனே கண்ட்ரோல் இசட். மேக்கில் தேர்ந்தெடுத்து ரைட் கிளிக் செய்தால் ரீனேம் வரும்.

ஆனால் உங்கள் குவியலுக்கு இது சரிப்படாது. மூன்று கருவிகளின் படங்கள் கலந்திருக்கின்றன, அதோடு கேமரா கோப்புப் பெயரில் நான்கே இலக்கம், 9999 தாண்டியதும் மறுபடி 0001, அதனால் ஒரே பெயரில் வேறு வேறு படங்கள் வந்து மோதும். படம் எடுத்த தேதியும் நேரமும் எக்சிஃப் தகவலாகக் கோப்புக்குள்ளேயே பதிந்திருக்கும், அதை எடுத்துப் பெயராக வைப்பதுதான் சரியான வழி. எக்ஸ்என்வியூ எம்பி என்ற மென்பொருள் இதைச் செய்யும், சொந்த உபயோகத்துக்கு இலவசம். கட்டளை அடிக்கத் தயக்கமில்லை என்றால் எக்சிஃப்டூல் என்ற மென்பொருள் இன்னும் வலுவானது. நான் சொல்லும் வடிவம் 2023-08-14_173205_4821 (தேதி, நேரம், பழைய எண்). ஆண்டு முதலில் வருவதால் எந்தக் கணினியிலும் தானாகவே காலவரிசையில் அடுக்கிக்கொள்ளும், கடைசியில் கேமரா கொடுத்த பழைய எண்ணை விட்டுவைத்தால் ஒரே நொடியில் எடுத்த படங்களும் மோதாது. நேரத்தில் முக்காற்புள்ளி போடாதீர்கள், விண்டோஸ் ஏற்காது.

கோப்பின் 'மாற்றிய தேதி'யை நம்ப வேண்டாம், படத்தைத் திருத்திச் சேமித்தாலே அது மாறிவிடும். வாட்ஸ்அப்பில் படமாக வந்தவற்றில் எக்சிஃப் இருக்காது, ஆண்ட்ராய்டில் அவற்றின் பெயரில் தெரியும் தேதியும் வந்து சேர்ந்த நாள்தான், அதனால் அவற்றைத் தனி ஃபோல்டருக்கு நகர்த்திவிடுங்கள். அப்புறம், கேமரா கடிகாரம் போனோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள்; ஒரு மணி நேரம் பிசகியிருந்தாலும் ஒரே நிகழ்ச்சியின் படங்கள் முன்பின்னாகக் கலந்துவிடும், எக்சிஃப்டூலில் அந்த வித்தியாசத்தை மொத்தமாகவே சரிசெய்யலாம்.

ஒரே படத்துக்கு ரா கோப்பும் (கேமரா பதப்படுத்தாமல் சேமிப்பது) வழக்கமான ஜேபெக் கோப்பும் ஜோடியாக இருந்தால் இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள். படங்களைத் திருத்தி அடுக்கிவைக்கும் லைட்ரூம் மென்பொருளில் ஏற்கெனவே ஏற்றியிருந்தால் லைட்ரூமுக்குள்ளேயே மாற்றுங்கள், வெளியே மாற்றினால் அது படத்தைக் கண்டுபிடிக்காது. எதுவானாலும் முதலில் முழுசாக ஒரு நகல் எடுத்து, அந்த நகலில் இருபது படங்களில் மட்டும் செய்து பாருங்கள். பெயர்கள் சரியாக வந்தால் மீதியையும் ஓடவிடலாம்.