வலி இல்லை, பரம்பரையிலும் இல்லை; எனக்கு எதற்கு மார்பகப் பரிசோதனை?

கேள்வி: என் வயது 46. மார்பகப் புற்றுநோய்ப் பரிசோதனைக்கு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வரும்படி செவிலியர் சொல்லிவிட்டுப் போனார். "நன்றாக இருக்கிற உடம்பில் நோயைத் தேடுவானேன்?" என்கிறார் 63 வயதான என் மாமியார். எனக்கு வலி இல்லை. குடும்பத்தில் யாருக்கும் இந்த நோய் வந்ததில்லை. இரண்டு பிள்ளைகளுக்கும் தாய்ப்பால் கொடுத்தேன். கூச்சமாகவும் இருக்கிறது. அவசியம் போக வேண்டுமா?
– ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: போய் வாருங்கள், சகோதரி. மாமியாரையும் கூட்டிக்கொண்டு போங்கள்.

வலி இல்லை என்று நிம்மதி அடையாதீர்கள். மார்பகப் புற்றுக்கட்டி ஆரம்பத்தில் பெரும்பாலும் வலிப்பதில்லை. வலிக்காததால்தான் எத்தனையோ பெண்கள் அதை யாரிடமும் சொல்லாமல் மாதக்கணக்கில் வைத்திருக்கிறார்கள். எனக்கு ஆறாத வருத்தம் இது. பரம்பரைக் கோளாறால் இந்த நோய் வருவது நூற்றில் ஐந்து முதல் பத்துப் பேருக்குத்தான். தாய்ப்பால் கொடுத்தது ஆபத்தை ஓரளவு குறைக்கும், அவ்வளவே.

உங்கள் மாமியார் மேல் எனக்குக் கோபமில்லை. முற்றிய பிறகு மருத்துவமனைக்குப் போய்த் திரும்பாதவர்களையே அவர் பார்த்திருப்பார். மும்பையில் நடந்ததை அவரிடம் சொல்லுங்கள். அங்குள்ள புற்றுநோய் மருத்துவமனையான டாடா நினைவு மையம் 1998-இல் ஒன்றரை லட்சம் பெண்களைக் கொண்டு ஓர் ஆய்வைத் தொடங்கியது. அவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு, பயிற்சி பெற்ற பெண் பணியாளர்கள் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மார்பகத்தைக் கையால் தொட்டுப் பரிசோதித்தார்கள். முற்றிய நிலையில் கண்டறியப்படுவது அவர்களிடையே குறைந்தது. ஐம்பது வயதைக் கடந்தவர்களில் இந்த நோயால் நேரும் இறப்பு கிட்டத்தட்ட 30 சதவீதம் குறைந்தது. இளையவர்களிடம் இறப்பில் அந்த அளவு வித்தியாசம் தெரியவில்லை. ஆகவே உங்களைவிட உங்கள் மாமியாருக்குத்தான் இதில் பலன் அதிகம். வயது ஏற ஏற ஆபத்தும் ஏறுகிறது.

கூச்சத்தை நான் சிறிதாக நினைக்கவில்லை. பெண் மருத்துவரோ செவிலியரோதான் பார்க்க வேண்டும் என்று தயங்காமல் கேளுங்கள். சில நிமிட வேலை. மாதவிடாய் முடிந்த சில நாட்களில் போனால் மார்பகம் இளகியிருக்கும், சோதிப்பது எளிது. கட்டி தட்டுப்பட்டாலும் பதற வேண்டாம். பெரும்பாலான கட்டிகள் புற்றுநோய் அல்ல. சந்தேகம் இருந்தால் மேமோகிராம் (மார்பக எக்ஸ்ரே), ஸ்கேன், தேவைப்பட்டால் ஊசியால் திசு எடுத்துப் பார்ப்பார்கள்.

அரசுத் திட்டப்படி 30 முதல் 65 வயது வரை ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை கையால் தொட்டுப் பார்க்கும் இந்தச் சோதனை. ஆனால் இடையில் புதிய கட்டி, தோலில் குழி, உள்ளிழுத்த காம்பு, இரத்தக் கசிவு என எது தெரிந்தாலும் அடுத்த முறைக்குக் காத்திருக்காமல் அந்த வாரமே மருத்துவரிடம் காட்டுங்கள்.